ரத்தினபாய் ஒட்டிய பதினோரு தாள்கள்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்தபடி, ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. 'தளிர் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம்' என்று பச்சை எழுத்தில் போர்டு. தளிராவது மண்ணாவது! அந்தக் கட்டடத்தில் உயிரோடு முளைத்திருந்தது கக்கூஸ் சுவரில் படர்ந்த பாசி ஒன்றுதான். அணை கட்டுகிறவர்கள், மலையை உடைக்கிறவர்கள், ரோடு போடுகிறவர்கள் எல்லாரும் எங்களிடம் வருவார்கள். இங்கே கட்டினால் காட்டுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று முந்நூறு பக்கத்துக்கு இங்கிலீஷில் ரிப்போர்ட் கொடுப்போம். அதை அடித்துக் கொடுத்தவன் நான். பெயர் வேதாசலம், டி.டி.பி. ஆப்பரேட்டர்.

என்னைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. பக்கத்து அறையில் இருந்த ரத்தினபாய் அக்காவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சொன்னால் என் வண்டவாளமும் கூடவே வெளியே வரும். வரட்டும்.

அக்காவுக்கு ஊர் இரும்புலியூர். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டவள். இருபத்து மூன்று வயதில், செடிகளைத் தாளில் தைக்க ஆள் வேண்டும் என்று ஒரு கல்லூரியில் கூப்பிட்டார்கள். "ஜாக்கெட்டுல கொக்கி வெக்கறவளுக்கு இலையைத் தைக்கறது ஒரு வேலையா?" என்று போனாளாம். போய் பதினாறு வருஷம் அங்கேயே இருந்துவிட்டாள். பிறகு அந்தக் கல்லூரி, செடி அறையைக் காலி செய்து கம்ப்யூட்டர் லேப் வைத்தது. எழுபது வருஷத்துச் செடித்தாள்களை பாத்ரூம் வாசலில் அடுக்கினார்கள். மழைத்தண்ணீர் புகுந்து, ஒன்றோடொன்று ஒட்டி, புழு வைத்து நாறிப்போயின. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அக்கா ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வருவாள். அதற்கப்புறம் எங்களிடம் வந்து சேர்ந்தாள். அவளுடைய கணவர் ஏசுபாதம் சப்வே பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். "அவரு டியூப் ஒட்றாரு, நான் செடி ஒட்றேன். எங்க குடும்பமே பசையில ஓடுது" என்பாள்.

அவள் வேலையை ஒரு நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். காட்டிலிருந்து வரும் கிளையைப் பழைய காகிதங்களுக்கு நடுவில் விரித்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு இடையில் வைத்துப் பெல்ட் போட்டு இறுக்குவாள். தினம் ஈரக் காகிதத்தை மாற்றுவாள். காய்ந்ததும், பூச்சி அரிக்காமல் இருக்க விஷ மருந்தில் முக்கி எடுப்பாள். அந்த மருந்து பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும். அதனால் ஆபீசில் மத்தியானச் சோற்றைக் கையால் தொடமாட்டாள், ஸ்பூன்தான். கிளையைத் தடித்த வெள்ளைத்தாளில் வைத்து நூலால் தைப்பாள். கீழே வலது மூலையில் லேபிள். அதில் செடியின் பெயர், இடம், தேதி, பறித்தவர் பெயர். மேல் பக்கத்தில் காகிதத்தை மடித்துச் சின்னதாக ஓர் உறை. உதிர்ந்த விதை, பூ, இலைத்துண்டு எல்லாம் அதற்குள் போகும்.

"செடி தெரிஞ்சவன் யாரு, தெரியாதவன் யாருன்னு எப்படிக் கண்டுபிடிப்பே?" என்று ஒரு தரம் என்னைக் கேட்டாள்.

"கண்ணாடி போட்டிருப்பான்" என்றேன்.

"மூஞ்சி! தெரிஞ்சவன் ஷீட்டைக் கையில எடுத்தா மொதல்ல இந்த உறையத்தான் தொறப்பான். பேரு இன்னா எழுதிக்கீதுன்னு அப்பால பாப்பான். விதை, பூவு எல்லாம் இதுக்குள்ளதான கீது? தெரியாதவன் லேபிளைப் படிச்சிட்டு, ஆகா பேஷ்னு வெச்சிடுவான். காலேஜுல பதினாறு வருஷம் பாத்திருக்கேன், ஒருவாட்டிகூட தப்பினதில்ல."

எங்கள் முதலாளி டாக்டர் தட்சிணாமூர்த்தி ஒரு தடவைகூட அந்த உறையைத் திறந்து நான் பார்த்ததில்லை. அவர் டாக்டர் பட்டம் வாங்கியது இறால் தீவனத்தில்.

இனி என் வண்டவாளம். வடக்கே யாரோ ஒரு நல்ல மனுஷன், இமயமலை ஓடை ஒன்றின் கரையில் மாதக்கணக்கில் நடந்து எழுதிய ரிப்போர்ட் நெட்டில் கிடைத்தது. அதில் ஓர் அத்தியாயம்: அகன்ற இலை மரங்களும் ஊசியிலை மரங்களும் கலந்த மலை ஓடைக் காடு. தண்ணீர் ஓரத்தில் எது முளைக்கும், இரண்டடி மேலே எது, மேட்டில் எது என்று படிப்படியாக எழுதியிருந்தார். படிக்கவே குளிர்ச்சியாக இருக்கும். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "சூப்பரா இருக்குய்யா. இதையே டெம்ப்ளேட்டா வெச்சுக்கோ. ஊர் பேரை மட்டும் மாத்து" என்றார். மாற்றினேன். ஒரு பட்டனைத் தட்டினால் முந்நூறு பக்கத்திலும் ஊர் பேர் மாறிவிடும். நான்கு வருஷத்தில் பதினேழு ரிப்போர்ட். கூச்சமே இல்லாமல் செய்தேன்.

ஒரே ஓர் ஆள்தான் கண்டுபிடித்தாள். பழைய ரிப்போர்ட் பக்கங்களைத்தான் அக்கா செடிகளுக்கு நடுவில் வைப்பாள். வைக்கும்போது எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து ஒரு பக்கத்தை விரித்தாள். குன்றத்தூர்ப் பக்கம் ஒரு கல் குவாரிக்குக் கொடுத்த ரிப்போர்ட் அது.

"வேதா, ஏப்ரல் மாசம் பனி உருகி ஓடையில தண்ணி ஏறும்னு போட்டுகீறியே. குன்றத்தூர்ல எப்ப பனி உருகுச்சு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் ஸ்வெட்டர் எடுத்துகினு முருகனைப் பாக்கப் போயிருப்பேனே."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தூ, இதெல்லாம் ஒரு பொழப்பா வேதா?" என்று கேட்டாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அடுத்த ரிப்போர்ட்டிலும் அதே பனியைத்தான் உருகவிட்டேன்.

இரண்டாயிரத்து ஏழு ஆகஸ்டில் மயிலோடை வந்தது. தெற்கே, மலைக்கு மேலே ஓடும் ஒரு ஓடை. அதைத் தடுத்து அணை கட்டி மின்சாரம் எடுக்க ஒரு தனியார் கம்பெனி நினைத்தது. வழக்கம்போல ரிப்போர்ட் கொடுத்தோம். வழக்கமில்லாத ஒன்று நடந்தது. அனுமதி கொடுக்கும் நிபுணர் குழுவிலிருந்து கடிதம் வந்தது. 'இந்த ஓடையில் ஊசியிலை மரங்கள் (கோனிஃபர்) உள்ளதாக எழுதியிருக்கிறீர்கள். உலர்த்திய மாதிரிகளை நேரில் கொண்டு வந்து காட்டவும்.'

முதலாளி என் மேஜைக்கு முன்னால் வந்து குதித்தார். "என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? கோனிஃபர்னு அடிச்சிருக்கே!"

"சார், நீங்கதான் பழைய சாப்டரையே போடச் சொன்னீங்க."

"சொன்னா? உனக்கு மூளை வேணாம்?" விசிறிக்குக் கீழே போய் நின்றார். "சரி, எழுதினது எழுதினதுதான். இப்ப போய் இல்லேன்னா மானம் போயிடும். சம்பத்தை அனுப்பு. ஊசி மாதிரி இலை இருக்கிறதா எதையாவது ஒடிச்சிட்டு வரச் சொல்லு."

சம்பத் எங்கள் களப்பணி அதிகாரி. களம் என்றால் அவருக்கு லாட்ஜ். மலையடிவாரத்து டவுனில் ஏ.சி. ரூம் போட்டு, பார்டர் பரோட்டா தின்று, வரும் வழியில் கையில் அகப்படுவதைப் பறித்துக்கொண்டு வருவார். இந்த முறை புறப்படும்போது அக்கா அவரிடம் போகவில்லை. கீழே இறங்கிப்போய் சுமோவைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவர் உஸ்மானிடம் மூன்று பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்தாள். உஸ்மானுக்கு வீடு பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம். சும்மா உட்காரத் தெரியாத மனுஷர்.

"பாய், நீயாவது மேல ஏறு. வெள்ளைப் பையில தண்ணியாண்ட கீறது. நீலப் பையில கரை மேல கீறது. கறுப்புல அதுக்கும் மேல, மேட்டுல கீறது. கலந்துடாத. எது எங்க நின்னுச்சுன்றதுதான் முக்கியம்."

"நான் டிரைவர்க்கா. எனக்கு இன்னா தெரியும்?"

"பை கலர் தெரியுமில்ல? போதும்."

ஆறாம் நாள் மத்தியானம் சம்பத் வந்து ஒரு கட்டை அக்காவின் மேஜையில் போட்டார். கட்டைப் பிரித்ததும் அறையெல்லாம் நாற்றம். ஈரச் செடிகளை மூன்று நாள் காற்றில்லாமல் சுருட்டி வைத்திருந்தார்கள். அழுகிச் சாறு வடிந்தது. அக்கா ஒவ்வொரு காகிதமாக எடுத்தாள். உண்ணிச்செடி. பார்த்தீனியம். எருக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எந்த ஊரிலும் கிடைக்கிற சமாச்சாரம். நான்காவது காகிதத்தில் இலைக்கு நடுவே சால்னா கறையும், கடித்துப்போட்ட கோழி எலும்பு ஒன்றும் இருந்தன. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். வாஷ்பேசினில் அவள் ஓங்கரிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. கருமம், எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது.

திரும்பி வந்து, கட்டின் அடியில் இருந்த கிளையை எடுத்தாள். நீள நீளமாகப் பச்சை ஊசிகள்.

"இது இன்னா சம்பத்து?"

"கோனிஃபர்."

"இது சவுக்கு!"

"ஊசியாத்தானே இருக்கு?"

அக்கா ஓர் ஊசியை இழுத்தாள். அது கணுக் கணுவாகப் பிரிந்து வந்தது. "இது இலையே இல்ல. கொம்பு. கணுவுல பொடிப்பொடியா பல்லு மாரி கீது பாரு, அதான் இலை. பந்தலுக்குக் கம்பு நடுற சவுக்கைக் கொண்ணாந்து மலைக்காடுன்றியே, நீ படிச்சவன்தான?"

"மதுராந்தகத்துல ஒரு தோப்புல ஒடிச்சேன். அங்க உக்காந்திருக்கறவங்களுக்கு இவ்வளவெல்லாம் தெரியாதுக்கா. நீ தச்சுக் குடு" என்று சொல்லிவிட்டு சம்பத் தூங்கப் போய்விட்டார். கண்றாவி என்று சொல்லலாம் என்றால் அந்த வார்த்தையே போதவில்லை.

அவர் போன பிறகுதான் உஸ்மான் படியேறி வந்தார். முழங்கால் வரை அட்டைக்கடித் தழும்பு. கையில் மூன்று பைகள்.

"அக்கா, ஒரே பேஜாராப் போச்சு. அவரு ரூம்ல படுத்துகினாரு. நான் ஒரு ஃபாரஸ்ட் வாட்சரைப் புடிச்சு மேல போய்ட்டேன். நீ சொன்ன மாரியேதான். ஒண்ணுகூட கலக்கல."

ஈரத்துணி சுற்றி, வாய் கட்டி, பிள்ளையைப் போலக் கொண்டு வந்திருந்தார். பையைத் திறந்ததும் அந்த அழுகல் நாற்றத்துக்கு நடுவே மழை மண் வாசனை வந்தது. அக்கா தரையைத் துடைத்தாள். நடுவில் இரண்டு டைல் வரிசையை அப்படியே காலியாக விட்டாள். "இதான் தண்ணி" என்றாள். உஸ்மான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, அவள் அடுக்கினாள்.

"இது தண்ணிக்குள்ளயே நிக்குதுக்கா. வெள்ளம் வந்தா படுத்துக்குமாம், போனா எழுந்துக்குமாம்."

"காட்டலரி" என்று ஓரத்தில் வைத்தாள். காசித்தும்பை போல ஓர் இளஞ்சிவப்புப் பூ, பெரணி இரண்டு. அடுத்த வரிசையில் ஈத்தைத் தட்டை, தாழை, நாவல் இனத்தில் ஏதோ ஒன்று. அதற்கும் மேலே நாங்கு, வெடிப்பலா. பக்கத்துக்கு ஐந்து டைல் தூரத்தில் ஒரு மலைக்காடு இறங்கி வந்து நின்றது. நான்கு வருஷமாக ஓடைக்காடு ஓடைக்காடு என்று அடித்துத் தள்ளியவன், அன்றைக்குத்தான் அது எப்படி நிற்கும் என்று பார்த்தேன்.

கறுப்புப் பையில் கடைசியாக ஒரு கிளை. பளபளவென்று தடித்த இலை, எதிரெதிராக. காம்பு நுனியில் உருண்டையாக ஒரு விதை. சம்பத் கையில் கிடைத்திருந்தால் இது சாதாரண மரம் என்று வீசியிருப்பார். அக்கா ஓர் இலையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேதா, இங்க வா. நடு நரம்பு எங்க கீது?"

பார்த்தேன். எந்த இலையிலும் நடுவில் ஓடுகிற தடித்த நரம்பு இதில் இல்லை. காம்பிலிருந்து நுனி வரை மெல்லிய கோடுகள் பக்கம் பக்கமாக ஓடின.

"வாட்சரு நரம்பாலின்னு சொன்னாருக்கா" என்றார் உஸ்மான்.

"அதேதான்! காலேஜுல பழைய ஷீட் ஒண்ணு நூல் வுட்டுப்போய் நான் மறுபடி தச்சேன். தெக்கத்தி மலையில தானா மொளைக்கிற கோனிஃபர் இது ஒண்ணுதான்னு அதுல எழுதியிருந்துச்சு. ஊசி இருக்காது, இலை இப்படி அகலமாத்தான் கீது. பாய், எத்தினி மரம் பாத்தே?"

"ஏழு. எண்ணினேன். ஏழும் அணை கட்டறதுக்கு மஞ்சக் குறி போட்டுகீறாங்களே, அந்தக் கோட்டுக்குக் கீழதான். ஓடை நெடுக மேல, கீழ எங்கியும் வேற இல்லன்னு வாட்சரு சொன்னாரு."

அப்போது முதலாளி உள்ளே வந்தார். ஷூ காலோடு நேராக அந்தத் தண்ணீரின் மேலேயே நடந்து வந்தார். காட்டலரி அவர் காலடியில் நசுங்கியது. அக்கா பல்லைக் கடித்தாள். ஆனாலும் அவரிடம் சொன்னாள். பைத்தியக்காரி, உண்மையைக் கேட்டால் மனுஷன் மனம் மாறுவான் என்று அன்றைக்கு நினைத்தாள்.

"சார், இந்த மரம் ஏழே ஏழுதான் கீது. அணை கட்டினா ஏழும் முழுகிடும். சம்பத்து கொண்ணாந்தது சவுக்கு. நம்ம ரிப்போர்ட்டு தப்புன்னு எழுதிக் குடுத்துடலாம் சார்."

முதலாளி ஒன்றையே பிடித்துக்கொண்டார். "வெயிட், வெயிட். இது கோனிஃபரா? நிஜமாவா?" முகமெல்லாம் வெளிச்சம். "அப்ப நாம எழுதினது கரெக்ட்! பிராட்லீஃப், கோனிஃபர் ரெண்டும் கலந்த காடு. வேதாசலம், பாத்தியா? நம்ம ரிப்போர்ட் கரெக்டுய்யா!"

எங்கோ திருடிய பொய் இங்கே வந்து உண்மையாகிவிட்டது. அதற்குச் சாட்சியாக அவள் கையில் இருந்த கிளையையே எடுத்துக்கொண்டார். மறுநாள் லேபிளுக்கான வாசகம் வந்தது. பறித்தவர்: சம்பத். 'இப்பகுதி மலைகளில் ஏராளமாகக் காணப்படும் மரம். வேறிடத்தில் நட்டு வளர்க்கலாம்.' சவுக்கையும் ஒரு தாளில் தைக்கச் சொன்னார். இன்னொரு கோனிஃபர் கூட இருந்தால் நல்லதாம்.

"நான் எழுத மாட்டேன் சார்" என்றாள் அக்கா.

"அப்ப எழுதாதே. இந்தக் குப்பையெல்லாம் அள்ளிப் போட்டுட்டு சவுக்கை மட்டும் அனுப்பறேன். அதை சம்பத்தே ஃபெவிகால் தடவி ஒட்டிடுவான்."

அக்கா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு எழுந்து போய், "குடுங்க சார், எழுதறேன்" என்றாள். எனக்கு அவள் மேல் வெறுப்பு வந்தது. இவளுமா என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை?

பத்து நாளில் பதினோரு தாள்கள் தயாராயின. உஸ்மானின் பத்து, சவுக்கு ஒன்று. அவ்வளவு அழகான தையலை நான் பார்த்ததில்லை. லேபிளில் முதலாளி சொன்னதை முத்து முத்தாக எழுதியிருந்தாள். கடைசி நாள் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். பதினோரு துண்டுச் சீட்டுகளை மேஜையில் பரப்பினாள். நரம்பாலிச் சீட்டை நான் படித்தேன்.

'லேபிளில் எழுதியது பொய். பறித்தது டிரைவர் உஸ்மான், 2007 அக்டோபர் 11. மொத்தம் ஏழு மரம். ஏழும் அணைக்கோட்டுக்குக் கீழே. வேறு எங்கும் இல்லை. ஒட்டியவர் ரத்தினபாய், இரும்புலியூர்.'

சவுக்குத் தாளின் சீட்டில், 'இது மதுராந்தகம் தோப்புச் சவுக்கு. மயிலோடையில் சவுக்கு இல்லை' என்று இருந்தது.

ஒவ்வொரு சீட்டையும் மடித்து அந்தந்தத் தாளின் உறைக்குள் வைத்தாள். உறை வாயில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொட்டு பசை வைத்தாள். லேசாக இழுத்தாலே விட்டுப்போகும்.

"பசை எதுக்குக்கா?"

"தொறந்தாங்களா இல்லியான்னு எனக்குத் தெரிய வேணாமா? அந்தக் குழுவுல செடிக்குன்னே ஒரு பெரிய ஆளு வராராம். அவரு கட்டாயம் தொறப்பாரு வேதா. மூணாவது ஷீட்டைத் தொறக்கறதுக்குள்ள அணை கட்டறது நின்னுடும், பாத்துக்கோ." தாள்களைச் சேர்த்துக் கட்டி என்னிடம் நீட்டினாள். "நீதான் எடுத்துகினு போற. பத்திரம்."

நவம்பரில் கூட்டம். நகரத்தில் ஒரு ஏ.சி. ஹால். சம்பத் லேப்டாப்பைப் பார்த்துக்கொள்ள, தாள்களைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். எங்களுக்கு முன்னால் ஒரு சிமென்ட் ஆலை, பின்னால் ஒரு ரிசார்ட். நடுவில் மயிலோடை. முதலாளி பேசினார். அந்த இமயமலைக்காரர் வார்த்தைகளைத் தன் சொந்த வார்த்தைகளாகப் பேசினார். குழுவில் இருந்தவர்கள் போண்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஸ்பெசிமன் கேட்டிருந்தோமே?" என்றார் ஒருவர். அவர்தான் செடிக்கான நிபுணர். வெள்ளை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. நான் எழுந்துபோய் பதினோரு தாள்களையும் அவர் முன்னால் வைத்துவிட்டு அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

முதல் தாள், காட்டலரி. லேபிளைப் படித்தார். புரட்டினார். இரண்டாவது. மூன்றாவது. படித்தார், புரட்டினார். நான்காவதைப் பாதியில் விட்டார். சவுக்கு வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார். "காஸுவரைனா மாதிரி இருக்கே?" என்றார். சவுக்குக்கு அதுதான் இங்கிலீஷ் பேர்.

"ஹில் வெரைட்டி சார்" என்றார் முதலாளி.

"ஓ" என்றார் அவர். ஓ! இத்தனை வருஷம் படித்துக் கிழித்தவர் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு ஓதான்.

நரம்பாலித் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியை மாட்டினார். "யாரு மவுண்ட் பண்ணினது? பியூட்டிஃபுல் ஸ்டிச்சிங்" என்றார். அவருடைய ஆட்காட்டி விரல் அந்த உறையின் மேலேயே இருந்தது. தட்டிக்கொண்டிருந்தது. டக், டக், டக். அரை அங்குலம் நகர்த்தினால் போதும். நான் நாக்கைப் புரட்டினேன். 'சார், அதைக் கொஞ்சம் திறந்து பாருங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டும். முதலாளி என்னைப் பார்த்தார்.

"சார், டீ கொண்டாரட்டுமா?" என்றேன்.

"ம், சுகர் கம்மி" என்றார். தாளைக் கீழே வைத்து, போண்டாத் தட்டை எடுத்து அதன் மேலேயே வைத்தார். சட்னி வழிந்தது. விரலை நக்கிக்கொண்டார். மூழ்கும் மரங்களுக்குப் பதிலாக வேறிடத்தில் கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

சாயங்காலம் குரோம்பேட்டைக்கு வந்தபோது அக்கா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தாள்களை வாங்கி, ஒவ்வொன்றாக விளக்குக்குக் கீழே வைத்தாள். பசைப் பொட்டுகள் பதினொன்றும் வைத்தபடியே இருந்தன. நரம்பாலித் தாளில் சட்னி எண்ணெய் வட்டமாகப் பரவியிருந்தது.

"விஷ மருந்து போட்ட தாளு மேல வெச்சா தின்னான்?"

"ஆமாக்கா."

"சீ! எடுபட்ட பய. செடி தெரிஞ்சவன் இல்ல அவன்." தாளை நகர்த்தினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அவன் தொறக்கல, சரி. நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்தே? உள்ள இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமில்ல? உனக்குக் கையி இல்ல?"

நான் அந்தச் சட்னி வட்டத்தைக் கைக்குட்டையால் துடைக்கப் போனேன்.

அக்கா ஜாக்கெட் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தாள். நரம்பாலிக் கிளையின் தையல்களை ஒவ்வொன்றாக அறுத்தாள். பதினான்கு தையல். கிளையைப் பழைய காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். ஊசித் துளைகளும், பொய் லேபிளும், ஒட்டிய உறையும் மட்டும் மிஞ்சிய தாளை என் பக்கம் தள்ளினாள். "இதை நீ வெச்சுக்கோ" என்றாள். அதன் பிறகு அவள் ஆபீசுக்கு வரவில்லை. இப்போது வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். ஸ்டேஷனில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அணை வேலை போன மாதம் தொடங்கிவிட்டதாக உஸ்மான் சொன்னார். மரம் வெட்டுவது இன்னும் மேலே எட்டவில்லையாம், மஞ்சள் கோட்டுக்குக் கீழே நரம்பாலி இன்னும் கொஞ்சம் நிற்கிறதாம். இரண்டு வருஷமாக அந்தத் தாள் என் பீரோவில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் கிடக்கிறது. அந்தச் சீட்டை வெளியே எடுத்து ஒரு கவரில் போட்டுப் பத்திரிகைக்கோ கோர்ட்டுக்கோ அனுப்பலாம். அனுப்ப எனக்கு விலாசம்கூடத் தெரியும். நேற்றுகூட எடுத்துப் பார்த்தேன். பசைப் பொட்டு அப்படியே இருக்கிறது.